கிளாரா அண்ணி என்னை நேசித்த ஏழு வாரம்

கடவுள் எல்லோரையும் ஒரே மாதிரி நேசிக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. அவருக்கென்ன, மேலே இருக்கிறார். கிர்கிஸ் நாட்டு டோக்மோக் ஊரில், எங்கள் தெருவில், கிளாரா அண்ணி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரே ஒரு குளிர்காலம் குடியிருந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

கிளாரா அண்ணி என் வீட்டுக்காரர் ஸ்லாவாவின் அக்கா. எங்கள் சபையில் முதல் பெஞ்ச் அவருடையது. பெயர் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் வேறு யாரும் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கடைசி பெஞ்ச் என்னுடையது. அது குளிர்காயும் அடுப்புக்கும் பக்கம், கதவுக்கும் பக்கம். பிரசங்கம் நீண்டால் இரண்டுமே உதவும். ஒன்பது வருடமாக எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வாசலில் "ஸ்தோத்திரம்" மட்டும் சொல்லிக்கொள்வோம். அதையும் சொல்லாமல் போனால் மகளிர் கூட்டத்தில் ஜெபக் குறிப்பு ஆகிவிடும்.

எங்கள் சபையில் யாரும் யாரைப் பற்றியும் புறம் பேச மாட்டார்கள். ஜெபக் குறிப்புதான் கொடுப்பார்கள். யார் வீட்டில் யார் குடிக்கிறார், யாருடைய மகன் தலைநகர் பிஷ்கெக்கில் எந்தப் பெண்ணோடு இருக்கிறான் என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கோத்துக்கொண்டு, மிகுந்த பாரத்தோடு ஆண்டவருக்குத் தெரிவிக்கப்படும். அவருக்கு இதெல்லாம் முன்பே தெரியுமே என்று யாரும் யோசிப்பதில்லை.

எங்கள் பேச்சு நின்றதற்குக் காரணம் உப்பு.

நான் பஜாரில் காரட் சாலட்டும் முட்டைக்கோஸ் ஊறுகாயும் விற்கிறேன். நாங்கள் கொரியர்கள். உப்பும் மிளகாயும் இல்லாமல் எங்களுக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது. ஸ்லாவாவுக்கு இரத்த அழுத்தம் இருந்தது. ஒரு ஜூலை மாதம், படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்து சபைக் கூடத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, கிளாரா அண்ணி நான் வைத்த சூப்பை ஒரு கரண்டி வாயில் வைத்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"இப்படி உப்பைப் போட்டுப் போட்டுத்தாண்டி என் தம்பியைக் கொன்ன," என்றார்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கூடம் சின்னது, சத்தம் தேவைப்படவும் இல்லை.

அன்றிலிருந்து டோக்மோக்கில் நான் புருஷனை உப்புப் போட்டுக் கொன்றவள். வாய்விட்டு யாரும் சொல்வதில்லை. கடைக்கு வந்து சாலட்டை ருசி பார்க்கும்போது ஒரு விநாடி தயங்குவார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு விநாடி எனக்குப் போதும், அன்றைய சாப்பாடு கசந்துவிடும். அண்ணி வாயிலிருந்து வந்த வார்த்தையை அண்ணி வாயாலேயே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. பிள்ளை இல்லை, கேட்கவில்லை. புருஷன் போனார், ஏன் என்று கேட்கவில்லை. ஒன்பது வருடமாக ஆண்டவரிடம் நான் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

ஏனென்றால் அந்தச் சாவுக்கு முந்தின நாள் ஸ்லாவா எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. ஊருக்கு வெளியே அண்ணி குத்தகைக்கு எடுத்திருந்த வெங்காய வயலில் இருந்தார். கூலிக்கு ஆள் வைக்க மனசு வராமல் தம்பியைக் கூப்பிட்டு, அந்த வெயிலில் நாள் முழுக்க மூட்டை தூக்க வைத்திருந்தார் அண்ணி. வீட்டுக்கு வந்தபோது ஸ்லாவாவின் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. தலை பிளக்கிறது என்றார். "அக்காகிட்ட சொல்லிடாத, மனசு கஷ்டப்படும்," என்று சொல்லிவிட்டுப் படுத்தார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. பெண்டாட்டியிடம் கடைசியாகச் சொல்ல இந்த மனுஷனுக்கு அக்காவின் மனசுதான் கிடைத்ததா என்று எனக்கு அவர்மேல் இன்றும் கோபம் உண்டு.

ஆனாலும் நான் சொல்லவில்லை. என் நல்ல குணம் என்று நினைத்துவிட வேண்டாம். உயிரோடு இருந்தவரை அவர் பேச்சை நான் கேட்டதே இல்லை. போனபிறகாவது ஒன்றைக் கேட்போம் என்றுதான்.

இப்படி இருக்கும்போது எங்கள் போதகர் ஆப்ராம் பிஷ்கெக்கில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். ஆப்ராம் இந்த ஊரிலேயே பிறந்த ஜெர்மன்காரர். அவருடைய அண்ணன் தம்பி, சித்தப்பா, பாட்டுக்குழுவில் பாதி என்று எல்லோரும் எப்போதோ ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் எங்கள்மேல் வைத்த அன்பினால் தங்கிவிட்டார். நாங்கள் மறந்துவிடக் கூடாது என்று அடிக்கடி நினைவுபடுத்துவார்.

ஈஸ்டர் அன்று மேடையில் நின்று, "கடவுள் நம்மை எந்த நிபந்தனையும் இல்லாம நேசிக்கிறார். நாமளும் அப்படியே நேசிக்கணும். அதுக்கு மூணு விதி இருக்கு," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் அடுப்பில் விறகு சரியாக எரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

ஒவ்வொருவரும் தங்களால் நேசிக்கவே முடியாத ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது அந்த ஆளுக்குத் தெரியக் கூடாது. பெந்தெகொஸ்தே வரை ஏழு வாரம் நேசித்து முடித்து, அன்று மேடை ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். பிஷ்கெக்கிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். நல்ல சாட்சியைப் படம் பிடித்து வெளிநாட்டுச் சபைகளுக்கு அனுப்புவார்கள். இவைதான் விதிகள். படம் என்றதும் முதல் பெஞ்சில் ஒரு முதுகு நிமிர்ந்தது.

நான் பஜாரில் பக்கத்துக் கடைக்காரி குல்சூனைத் தேர்ந்தெடுத்தேன். குல்சூன் கிர்கிஸ்காரி, காய்ந்த தயிர் உருண்டை விற்பவள், எனக்கிருக்கும் ஒரே சிநேகிதி. ஏற்கெனவே பிடித்த ஆளாக எடுத்துக்கொண்டால் உழைப்பு மிச்சம் என்று நினைத்தேன். முதல் நாளே விஷயத்தை அவளிடம் உடைத்தும் விட்டேன்.

"என்னை நேசிக்கிறதுக்கு உங்க போதகரு உத்தரவு போடணுமா?" என்றாள் குல்சூன்.

"உத்தரவு இல்லேன்னா உன்னை எவடி சகிச்சுப்பா?"

"சரி, நேசிச்சுக்கோ. முதல்ல அந்தத் தராசைத் துடைச்சுக் குடு. பூராவும் உன் காரட் எண்ணெய்."

துடைத்துக் கொடுத்தேன். என் பங்கு அத்தோடு முடிந்தது.

அந்த வாரமே கிளாரா அண்ணி என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் மூடி போட்ட பாத்திரம், அதில் ஆவி பறக்கும் பிகோதி. கறியும் முட்டைக்கோசும் உள்ளே வைத்து அவிக்கிற அந்தக் கொழுக்கட்டையை அண்ணி மாதிரிச் செய்ய எங்கள் ஊரில் ஆள் கிடையாது. அதை நான் கடைசியாகச் சாப்பிட்டு ஒன்பது வருடமாகிறது.

"சாப்பிடு. மெலிஞ்சு போயிட்ட," என்றார்.

பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"என்ன அண்ணி விசேஷம்?"

"விசேஷம் எதுக்குடி? எதுக்காகவும் இல்ல. சும்மா."

சும்மா என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார். போகும்போது என் ஜன்னலைப் பார்த்தார். இரண்டு நாளில் புதுத் திரைச்சீலை வந்தது. மருமகனை அனுப்பி என் வேலியில் உளுத்துப்போன பலகைகளை மாற்றினார். எனக்குச் சளி பிடித்தபோது வந்து முதுகில் ஆட்டுக்கொழுப்பைத் தேய்த்துவிட்டார். ஒருநாள் பஜாருக்கு வந்து, நாலு பேர் பார்க்க என் காரட் சாலட்டை வாங்கி, அங்கேயே நின்று சாப்பிட்டார். மென்று முழுங்கும்போது முகம் கொஞ்சம் வேதனைப்பட்டது. ஆனாலும் முழுங்கினார்.

"உன் வீட்டை எழுதித் தரச் சொல்லப் போறா பாரு," என்றாள் குல்சூன்.

"அந்த வீட்டை யாருடி கேப்பா? மழை பெஞ்சா நானே வெளியில போய் நிக்கிறேன்."

"அப்போ அவளுக்கு ஏதாவது வியாதி. டாக்டர் நாள் குறிச்சிருப்பார்."

நானும் அப்படித்தான் பயந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, மூன்றாவது வாரத்திலேயே நான் கதவுச் சத்தத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். மாலையானால் இரண்டு கோப்பைகளைக் கழுவி வைப்பேன். அண்ணி வாயைத் திறக்கும்போதெல்லாம் இப்போது சொல்லப் போகிறார், அந்த வார்த்தை தப்பு என்று இப்போது சொல்லப் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் வானிலையைப் பற்றிப் பேசுவார்.

எங்கள் கொரியர்களுக்கு வாழ்க்கையில் மூன்று விருந்து மேசை. முதல் வயதுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, அறுபதுக்கு ஒன்று. முதல் இரண்டையும் பெற்றவர்கள் போடுவார்கள். மூன்றாவதைப் பிள்ளைகள்தான் போட வேண்டும். பிள்ளை இல்லாதவர்களுக்கு அந்த மேசை கிடையாது. தானே போட்டுக்கொண்டால் ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். எனக்கு அறுபது முடிவது பெந்தெகொஸ்தேக்கு முந்தின சனிக்கிழமை. அன்று வழக்கம்போலக் கடை திறப்பதாக இருந்தேன்.

"கடையாவது மண்ணாவது! உன் அறுபது மேசையை நான் போடறேன்," என்றார் அண்ணி.

"நீங்களா? நீங்க எனக்கு மூத்தவங்க. முறை இல்லையே."

"முறையாம் முறை. அன்புக்கு எதுக்குடி முறை?"

அவர் போனபின் நான் சமையலறையில் நின்று அழுதேன். எனக்கு அழுகை வராது என்று ஊரே சொல்லும், ஸ்லாவாவின் அடக்கத்தில்கூட வரவில்லை. அன்று வந்தது.

இந்தச் சந்தோஷம் செவ்வாய்க்கிழமை வரை இருந்தது. செவ்வாய்க்கிழமை மகளிர் கூட்டத் தலைவி தமாரா ஊறுகாய் வாங்க வந்தாள். நல்ல பெண். மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது, அதனால்தான் அவளைத் தலைவி ஆக்கியிருந்தார்கள்.

"உங்களுக்காகத்தான் சகோதரி தினமும் ஜெபிக்கிறோம்," என்றாள் என் கையைப் பிடித்துக்கொண்டு. "கிளாரா சகோதரி உங்களை எடுத்துக்கிட்டாங்க பாருங்க, அதுதான் எங்க எல்லாத்துலயும் கஷ்டமான கேஸ். நான் என் மாமியாரை எடுத்தேன். வெட்கமா இருக்கு, ரொம்ப சுலபமாப் போச்சு."

சொன்னபிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. முகம் சிவந்து, ஊறுகாயை வாங்காமலே போய்விட்டாள்.

குல்சூன் தன் தயிர் உருண்டைக் குவியலுக்குப் பின்னால் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "சபையிலயே முதல் பரிசு உனக்குத்தான்டி! நேசிக்கவே முடியாத ஆளு!"

"வாயை மூடு."

"நான் உன்னை சும்மாவே சகிச்சுக்கிட்டு இருக்கேன். எனக்கு யாரும் படம் எடுக்கல."

எனக்கு உடம்பு எரிந்தது. வீட்டுக்குப் போய்த் திரைச்சீலையைப் பிடுங்கப் போனேன். கொக்கிகள் நன்றாக மாட்டியிருந்தன, வரவில்லை. காலையில் அண்ணி கொடுத்திருந்த பிகோதியைக் கோபத்தோடு எடுத்துச் சாப்பிட்டேன். கோபத்தோடு சாப்பிட்டாலும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

மேசை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அறுபது மேசையில் வந்தவர்கள் ஒவ்வொருவரும் எழுந்து நின்று, உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மேசை போட்டவர்தான் முதலில் பேசுவார். அடக்கச் சாப்பாட்டில் இருந்த அதே ஆட்கள் இருப்பார்கள், அதே அண்ணி நிற்பார். நிபந்தனையில்லாமல் நேசிக்கிறவர், அதுவும் சாட்சிக்காகப் போதகர் படம் பிடிக்கும்போது, அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப எடுக்காமலா போவார் என்று கணக்குப் போட்டேன். திட்டத்துக்காக நேசித்தால் நேசிக்கட்டும், எனக்கு அந்த வார்த்தை வந்தால் போதும்.

சனிக்கிழமை அண்ணி வீட்டில் மேசை. ஒரு குறையும் வைக்கவில்லை. முழுக் கோழிகள், அரிசிப் பலகாரம், அடுக்கு அடுக்காகப் பழம், பெரிய பாத்திரத்தில் குளிர்ந்த நூடுல்ஸ் சூப். போதகர் ஆப்ராம் முன்கூட்டியே வந்து சில விஷயங்களை ஒழுங்கு செய்திருந்தார். வோட்கா கூடாது. தரையில் குனிந்து வணங்கும் பழைய வழக்கம் கூடாது, வணக்கம் ஆண்டவருக்கு மட்டும். ஸ்லாவாவின் போட்டோவை மேசைமேல் வைக்கக் கூடாது, சிலை வணக்கம் மாதிரித் தெரியும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது, படத்தில் முகம் இருட்டாக விழும். மற்றபடி நிபந்தனை எதுவும் இல்லை.

மகளிர் கூட்டம் முழுக்க வந்திருந்தது. குல்சூன் வெல்வெட் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். போதகர் தன் செல்போனை உயர்த்திப் பிடித்தார். அண்ணி எழுந்து நின்று தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒன்பது வருஷமா இவளைப் பாத்தாலே என் நெஞ்சு பத்திக்கிட்டு எரியும்," என்று ஆரம்பித்தார். "எனக்கு இருந்தது ஒரே தம்பி. ஆனா ஆண்டவர் என்னோட பேசினார். கிளாரா, அவ செஞ்சதை மன்னிச்சிடுன்னார். எவ்வளவு போராடினேன்னு எனக்குத்தான் தெரியும். கடைசில மன்னிச்சுட்டேன். இவ கை உப்பாலதான் என் தம்பி போனான். இருந்தாலும் இவளை நேசிக்கிறேன். எந்த நிபந்தனையும் இல்லாம நேசிக்கிறேன்!"

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். தமாரா விம்மினாள். செல்போன் என் பக்கம் திரும்பியது.

"சகோதரி ரிம்மா, நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க," என்றார் போதகர். "முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம்."

நான் எழுந்தேன். அவ்வளவு கோபம் எனக்கு அடக்கத்தன்றுகூட வந்ததில்லை.

"மேசைக்கு ரொம்ப நன்றி அண்ணி," என்றேன். "மன்னிப்பு வேண்டாம். அதை நீங்களே வெச்சுக்கோங்க. அன்னைக்கு சாப்பாட்டுல ஒரு வார்த்தை சொன்னீங்களே, அதை மட்டும் திரும்ப வாங்கிக்கோங்க. போதும்."

"அதைத்தானே மன்னிச்சுட்டேன்னு சொன்னேன்?"

"செய்யாததை எப்படி மன்னிப்பீங்க?"

"சகோதரிகளே, சகோதரிகளே," என்றார் போதகர். "இது அன்போட நேரம்."

அண்ணிக்குக் காது கேட்கவில்லை. ஏழு வாரமாகப் பூட்டி வைத்திருந்த பழைய அண்ணி ஒரே நொடியில் வெளியே வந்துவிட்டார்.

"செய்யலையா? அப்போ என் தம்பி எதனாலடி செத்தான்? சொல்லு! இத்தனை பேர் முன்னாடி சொல்லு பாப்போம்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு என்ன கேட்டோம் என்று தெரிந்தது. முகம் வெளுத்துப் போனது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். என்னையே பார்த்தார். ஏழு வாரத்தில் முதல்முறையாக அவர் என்னைப் பார்த்தார், நேசிக்க வேண்டிய ஆளை அல்ல.

சொல்ல எனக்கு இரண்டே வார்த்தை போதும். வெங்காய வயல். ஒன்பது வருடமாக நாக்கின் நுனியில் காத்துக்கிடந்த வார்த்தைகள். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள், போன் ஓடிக்கொண்டிருக்கிறது, இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு இனி வராது. அண்ணியின் மோவாய் நடுங்குவதைப் பார்த்தேன். அது ஸ்லாவாவின் மோவாய். பாழாய்ப்போன அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே மோவாய்.

"எனக்குத் தெரியாது அண்ணி," என்று சொல்லி உட்கார்ந்தேன்.

"ஆமென்!" என்றார் போதகர் நிம்மதியாக. எல்லோரும் கோழியைப் பிய்க்க ஆரம்பித்தார்கள். என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

சாப்பாடு முடிந்து நான் சமையலறையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கு மேசை போட்ட நாளில் நானே தட்டு கழுவலாமா என்று யாரும் கேட்கவில்லை. அண்ணி வந்தார். கதவைச் சாத்தினார்.

"ஏன்டி சொல்லல?"

"அவர் சொல்லக் கூடாதுன்னார்."

"யாரு?"

"வேற யாரு? வயல்லேருந்து வந்து படுக்கறப்போ சொன்னார். அக்காகிட்ட சொல்லிடாத, மனசு கஷ்டப்படும்னு. அதுதான் கடைசிப் பேச்சு. இப்போ சொல்லிட்டேன். அவர் வந்து கேக்கட்டும்."

அண்ணி உட்கார இடம் தேடினார். மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"உப்பு இல்லடி," என்றார். "நான்தான். போதும்னு அவன் ரெண்டு தடவை சொன்னான். இன்னும் கொஞ்சம்தான்டா, முடிச்சிடுன்னு சொன்னேன். எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்."

ஒன்பது வருடம் கேட்ட வார்த்தை அது. கிடைத்துவிட்டது, ஈரக் கையோடு, சோப்பு நுரையோடு. நான் பாட்டுப் பாடுவேன் என்று நினைத்திருந்தேன். தட்டைத்தான் மறுபடி தேய்த்தேன்.

அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கதவில் கை வைத்தவர் திரும்பினார்.

"ஆனா ஒண்ணு. இதை வெளியில சொல்லிடாத."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் தம்பியும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். எந்த நிபந்தனையும் இல்லாத அன்பில் கடைசியாக மிஞ்சிய நிபந்தனை அதுதான். சரி என்றேன்.

மறுநாள் பெந்தெகொஸ்தே. சபை முழுக்கப் பண்டிகைக்காகக் கட்டிய பச்சைக் கிளைகளும் பரப்பிய புல்லும். பிஷ்கெக்கிலிருந்து விருந்தாளிகள் கோட்டு சூட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கழுத்தில் பெரிய கேமரா. போதகர் பாதிக் கதையை அவரே சொல்லிவிட்டார், பெயர் மட்டும் சொல்லவில்லை. பெயர் சொல்லாததால் எல்லோரும் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார்கள். ஒரு விருந்தாளி என்னைப் பார்த்து ஆறுதலாகத் தலையசைத்தார். நான் அடுப்போடு ஒட்டிக்கொண்டேன். வசந்த காலம், அடுப்பு எரியவில்லை.

அண்ணி மேடை ஏறினார். மைக்கைப் பிடித்தார்.

"ஒன்பது வருஷமா," என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"இவளைப் பாத்தாலே," என்று போதகர் கீழிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"அதெல்லாம் பொய்," என்றார் அண்ணி. "நேத்து நான் சொன்னது பொய். என் தம்பி செத்ததுக்கு முந்தின நாள் என் வெங்காய வயல்ல மூட்டை தூக்கினான். ஆள் வைக்கக் காசு இருந்துச்சு, மனசு இல்ல. முடியலக்கான்னு சொன்னான். நான் விடல. சூப்புல உப்பு சரியாத்தான் இருந்துச்சு. இவளுக்கு இது தெரியும். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. மன்னிக்க வேண்டியது அவ, நான் இல்ல. அவ மன்னிப்பாளான்னும் தெரியல, அவ குணம் உங்களுக்கே..."

அதற்குமேல் கேட்கவில்லை. போதகர் கையசைக்க, அக்கார்டியன் தொடங்கிவிட்டது. மைக் நின்றது. சபை எழுந்து நின்று பலமாகப் பாடியது. அண்ணி வாயை அசைத்துக்கொண்டே நின்றார், யாரோ தோளைப் பிடித்து இறக்கினார்கள். சகோதரிக்கு உணர்ச்சி மேலிட்டுவிட்டது என்று போதகர் விருந்தாளிகளிடம் விளக்கினார். பிறகு கேள்விப்பட்டேன், வெளிநாட்டுக்குச் சனிக்கிழமை எடுத்த படத்தைத்தான் அனுப்பினார்களாம். அதில் ஒலி தெளிவாக இருந்ததாம், முடிவும் நன்றாக இருந்ததாம். அதனால் எங்கோ தெரியாத ஊர்களில் நான் இன்றும் உப்புப் போட்டுக் கொன்றவள்தான். அங்கே இருக்கிறவர்கள் என்னை நேசித்துவிட்டுப் போகட்டும்.

டோக்மோக்கில் கதை மாறியது. அன்று சபை முடிந்ததும் அண்ணியைச் சுற்றி வட்டமாக இடம் காலியாக இருந்தது. முதல் பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. முன்பு மரியாதையால் உட்காரவில்லை, இப்போது வேறு காரணம். திட்டம் நல்ல பலன் கொடுத்ததால் அறுவடைப் பண்டிகை வரை நீட்டிக்கிறோம் என்று போதகர் அறிவித்தார். எல்லோரும் புதிதாக ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மகளிர் கூட்டம் அதிகம் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை நான் காரட் சீவிக்கொண்டிருந்தபோது பின்பக்கக் கதவு திறந்தது. கிளாரா அண்ணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"கதவைச் சாத்துடி. தமாரா தேடிக்கிட்டு வர்றா."

"என்ன ஆச்சு அண்ணி?"

"நேசிக்கிறாங்கடி!" என்று நாற்காலியில் விழுந்தார். "காலைலேருந்து மூணு பானை சூப். ஒருத்தியும் உப்புப் போடல. ஒருத்தி என் காலைக் கழுவணும்னு வாளியோட நிக்கிறா. ஒருத்தி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்க எப்படிப்பட்டவங்களா இருந்தாலும் பரவாயில்ல சகோதரின்னு சொல்றா. பாதித் தெரு பாவமாப் பாக்குது, மீதித் தெரு ஜெபிக்குது. உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"பிகோதி நல்லா இருந்துச்சு. அதனால தாங்கிக்கிட்டேன்."

அண்ணி சிரிக்கவில்லை. கிழவியாகத் தெரிந்தார். மேசைமேல் கிடந்த காரட் தோலை விரலால் ஒதுக்கினார்.

"என்னால முடியலடி. நீயாவது என்னைத் திட்டு."

திட்டினேன். சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டு திட்டினேன். வெங்காயத்தில் ஆரம்பித்தேன், கூலி கொடுக்க மனசில்லாத கஞ்சத்தனத்துக்குப் போனேன், அடக்கத்தன்று கரண்டியைக் கீழே வைத்த விதத்துக்குப் போனேன். ஒன்பது வருடம் நான் தனியாகச் சாப்பிட்ட ஒவ்வொரு பண்டிகைச் சாப்பாட்டையும் எடுத்துச் சொன்னேன். முதல் பெஞ்சையும் விடவில்லை. என் புருஷனைக் கொன்றுவிட்டு என்னையே மன்னித்தீர்களே, அந்த நாக்கு எங்கே என்று கேட்டேன். குரல் உடைந்தது, அதோடும் திட்டினேன். அண்ணி அழுதுகொண்டே தலையை ஆட்டினார். நடுவில் நான் அவருக்குத் தேநீர் ஊற்றியிருக்கிறேன், எப்போது என்று எனக்கு நினைவில்லை.

தொண்டை வறண்டு நான் நிறுத்தியபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அண்ணி தேநீரைக் குடித்து முடித்தார். மூக்கைச் சிந்தினார். செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றார்.

"நாளைக்கும் வரட்டுமா?" என்று கேட்டார்.

"இன்னும் பாதிகூட முடியல," என்றேன். "சீக்கிரம் வாங்கண்ணி."